புஸ்பவதியும் நீல றப்பர் உடுப்பும்

நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த தீவிலிருந்து வந்தவர்கள் நாங்கள். எங்களில் நீந்தத் தெரிந்தவர்களை எண்ண ஒரு கை போதும். அதிலும் இரண்டு விரலை மடக்கி வைத்துக்கொள்ளலாம். கடலை நம்பிப் பிழைத்தவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். மற்றவர்கள் கடற்கரைக்குப் போவோம், கச்சான் கடலை சாப்பிடுவோம், கணுக்கால்வரை நனைத்துக்கொண்டு "கவனம், கவனம்" என்று ஒருவரையொருவர் கூப்பிடுவோம், வீட்டுக்கு வருவோம். இப்படிப்பட்ட கூட்டத்தில் பிறந்து, ஐம்பது வயதுவரை குளியலறைத் தொட்டியை விட ஆழமான நீரில் இறங்காத ஒரு பெண், ஹனோவருக்கு வெளியே ஓரமெல்லாம் பனிக்கட்டி படர்ந்த குளமொன்றில், மார்கழிக் காலையில், ஒரு நீச்சல் உடுப்பும் மஞ்சள் கம்பளித் தொப்பியுமாக நீந்துகிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்கவேண்டும். காரணம் எளியது. யாரோ அவரிடம் ஏலாது என்று சொல்லிவிட்டார்கள்.

சொன்னது நகரசபை நீச்சல் தடாகத்தில் பழக்க வந்த இளைஞன். இந்த வயதில் நீர்ப்பயம் போகாது, ஆழம் குறைந்த பக்கத்தில் நடந்தால் முழங்காலுக்கு நல்லது என்று முதல் நாளே மிகுந்த மரியாதையோடு சொன்னான். ஜேர்மன் மொழியில் அது இன்னும் மரியாதையாக இருந்தது. புஸ்பவதி அடுத்த கோடைக்குள் நீந்தப் பழகினார். அதற்கடுத்து உயிர்காப்பு நீச்சலில் வெள்ளிப் பட்டம் எடுத்தார். போட்ட உடுப்போடு நீந்துவது, அடியில் கிடக்கும் வளையத்தை மூழ்கி எடுப்பது, தன்னைவிடக் கனமான ஆளைக் கரைக்கு இழுத்து வருவது எல்லாம் அந்தச் சோதனையில் அடக்கம். கனமான ஆளாக மிதந்து கொடுத்தது அதே இளைஞன்.

கணவர் சோதிலிங்கம் இந்தக் குணத்தை நீண்ட காலமாக அறிந்தவர். அறிந்ததோடு நிற்காமல் பயன்படுத்தவும் தெரிந்தவர். வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்றால் ஏணியைப் பார்த்துக்கொண்டு, "இது உம்மாலை ஏலாது, ஆரையும் கூப்பிடுவம்" என்பார். பின்னேரம் சுவர் வெள்ளையாக இருக்கும். தண்ணீர் விஷயத்தில் அவர் எங்கள் மரபை மீறாதவர். மழைக்குக்கூட அரைமணி முன்பே உள்ளே வந்துவிடுவார். ஆனால் ஞாயிறு தவறாமல் குளக்கரையில் நிற்பார், ஒரு கையில் மனைவியின் குளியல் அங்கி, மறுகையில் தேத்தண்ணிப் போத்தல்.

குளம் என்பது எங்கள் பேச்சு. உண்மையில் அது நெடுஞ்சாலை போடுவதற்காகச் சரளைக்கல் அள்ளிய பெரும் பள்ளம். அள்ளியவர்கள் போனபின் நீர் வந்து நிரம்பி, வாத்துகள் வந்து, நாணல் முளைத்து, இயற்கை அழகு என்ற பெயர்ப்பலகையும் வந்துவிட்டது. கரையிலிருந்து நாலடி எட்டிவைக்கும்வரை இடுப்பளவு. அதற்கப்பால் கல்லள்ளிய இயந்திரம் விட்டுப்போன செங்குத்துச் சரிவு. அங்கே ஞாயிறு காலையில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். தலைமை தாங்குவது றெனாட்ட என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. நியோப்ரேன் என்று ஜேர்மன்காரர் சொல்லும், உடம்போடு ஒட்டிப் பிடித்துச் சூட்டைக் காக்கும் றப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டு யாராவது வந்தால் றெனாட்ட தடுக்கமாட்டார். முடிவில் எல்லோருக்கும் கேக் வெட்டும்போது அவர்களுக்கு மட்டும் துண்டு வராது. ஜனநாயக நாடு, யாரையும் வற்புறுத்துவதில்லை.

புஸ்பவதி றப்பருக்கு எதிரியானது கேக்குக்காக அல்ல. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடம் ஒன்றின் குளிர் அறையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறார். பஞ்சடைத்த சட்டை, பஞ்சடைத்த களிசான், காதுமூடிய தொப்பி, இரட்டைக் கையுறை. "அங்கை இருக்கிற குளிர் சம்பளத்துக்கு," என்று ஒருமுறை கணவரிடம் சொன்னார். "இது என்ரை குளிர். இதுக்கு நான் போர்த்துக் கட்டிக்கொண்டு போகமாட்டன்."

இதை வைத்து அவரைப் புரட்சிக்காரி என்று எண்ணிவிட வேண்டாம். மகள் கவிசா பதினெட்டு வயதில் கையில்லாத பிளவுசோடு கோயிலுக்குப் புறப்பட்டபோது, காரிலிருந்து இறக்கி மூன்றாம் மாடிக்குத் திருப்பி அனுப்பியது இதே புஸ்பவதிதான். லைப்சிக்கில் வேலை பார்க்கும் கவிசா, தாய் நீச்சல் உடுப்போடு நிற்கும் படத்தை அனுப்பும்போதெல்லாம் அந்தப் பிளவுசை நினைவூட்டுவாள். "அது கோயில், இது குளம்," என்பார் தாய். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் மாலை கட்டுவது புஸ்பவதியின் பொறுப்பு. அவர் கட்டும் மாலையில் ஒரு பூ தலைகீழாக நின்றதில்லை, அந்த வேலையை அவர் ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததுமில்லை. வெள்ளி கோயில், ஞாயிறு குளம், நடுவில் ஒரு சனிக்கிழமை. கோயிலே கிளம்பிக் குளத்துக்கு வரும் என்று யாரும் எதிர்பார்க்காதவரை இந்த ஏற்பாடு நன்றாகத்தான் ஓடியது.

கோயில் முன்பு கம்பளக் களஞ்சியமாக இருந்த கட்டடத்தில் இருக்கிறது. சிவன் கோயில். அதன் மார்கழித் திருவிழா பத்து நாள். விடியமுன் எழுந்து குளிர்ந்த நீரில் மூழ்கும் பெண்களைப் பற்றி அந்தப் பத்து நாளும் மனமுருகப் பாடுவார்கள், வெப்பமூட்டிய மண்டபத்தில், காலுக்குக் கம்பளிச் சொக்ஸ் போட்டுக்கொண்டு. கடைசி நாள் தீர்த்தம். தீர்த்தத்துக்கு மூலவர் எழுந்துபோவதில்லை. அவருக்காக அஸ்திரதேவர், முழ நீள வெண்கலச் சூலம், ஐயரின் கையில் நீருக்குள் இறங்குவார். மூன்று முழுக்கு. அதே வேளையில் அவரோடு அதே நீரில் மூழ்குகிறவர்களுக்குப் பெரும் புண்ணியம். ஐயரின் கை தவிர வேறு கை அவர்மேல் படக்கூடாது.

இதுவரை தீர்த்தம் நடந்தது கார் நிறுத்தும் இடத்தில், காற்றடித்து ஊதும் பிளாஸ்டிக் தொட்டியில். பிள்ளைகள் குளிப்பதற்கென்று விற்கும் தொட்டி. அதன் பக்கவாட்டில் அச்சடித்த டொல்பின்கள் சிரித்துக்கொண்டிருக்கும். சாமிக்குக் குளிரும் என்று யாரும் சொன்னதில்லை. ஐயருக்குக் குளிரும் என்றும் யாரும் சொன்னதில்லை. எப்படியோ கெற்றிலில் வெந்நீர் மட்டும் வந்துவிடும்.

புதிதாகத் தலைவரான நவரத்தினத்துக்கு டொல்பின் பிடிக்கவில்லை. பார்சல் பிரிக்கும் நிலையமொன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர்; எதுவும் அதனதன் பெட்டிக்குள் போய் விழுந்தால்தான் அவருக்கு நித்திரை வரும். தீர்த்தம் என்றால் குளத்தில். நகரசபைக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கே இருந்த இளம் பெண் மகிழ்ச்சியோடு சம்மதித்தாள், ஒரே ஒரு நிபந்தனையோடு.

அந்த நிபந்தனையைக் காவிக்கொண்டு ஒரு மாலை அவர் மனைவி சுலோஜனாவுடன் சோதிலிங்கம் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, ஒரு சின்ன உதவி," என்றார் புஸ்பவதியிடம்.

"சின்ன உதவியெண்டால் ரெலிபோனிலை கேட்டிருப்பியள் அண்ணை. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்திருக்கிறியள்."

"நகரசபைக்காரி சொல்லுறாள், ஐயா இறங்கேக்கை தண்ணிக்குள்ளை உயிர்காப்புப் பட்டம் எடுத்த ஆள் ஒராள் நிக்கவேணுமாம். இல்லாட்டி அனுமதி இல்லையாம்."

"அதுக்கெண்டு சங்கம் இருக்கே. கேட்டால் ஆள் விடுவினம்."

"கேட்டன். நத்தாருக்கும் வருஷப்பிறப்புக்கும் இடையிலை ஆரும் இல்லையாம்."

இந்த நாட்டில் கிறிஸ்மஸ் கழிந்த அந்த ஒரு கிழமைக்குள் மூழ்குவது புத்திசாலித்தனமல்ல.

"எங்கடை ஆக்களிலை அந்தப் பட்டம் எடுத்தது..." என்று நவரத்தினம் இழுத்தார்.

"ஆர் அண்ணை?" புஸ்பவதியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நீர்தான்."

"போன மாசம் பேப்பரிலை படம் வந்ததெல்லே, குளத்தடியிலை. அதைப் பார்த்துப்போட்டு, கோயில் படி ஏறுற பொம்பிளை செய்யிற வேலையோ இது எண்டு மண்டபத்திலை வைச்சுக் கேட்டது ஆர்?"

நவரத்தினம் தேத்தண்ணியை ஆராய்ந்தார். "அது வேறை கதை."

"அதே குளம்தான்."

"இஞ்சை பாரும் தங்கச்சி." அவர் கைத்தொலைபேசியை நீட்டினார். அதில் றப்பர் உடுப்புப் போட்ட ஒரு பெண் அலைப்பலகையோடு நின்றாள். "கழுத்திலையிருந்து கணுக்கால் மட்டும் மூடும். யோசிச்சுப் பார்த்தால் சீலையை விட மூடும். ஒருதரும் ஒண்டும் சொல்ல ஏலாது."

"குளத்துக்குள்ளை போய் நனையாமல் வாறதெண்டால் என்னத்துக்குப் போறது?"

"நீர் தண்ணியை அனுபவிக்கப் போகேல்லை. காவலுக்குப் போறீர்."

"காவலுக்கெண்டாலும் நான்தானே போறன். றப்பரை மட்டும் அனுப்பேலுமெண்டால் அனுப்புங்கோ."

நவரத்தினம் வாதத்தில் தோற்பவர்களின் கடைசிப் புகலிடத்துக்குப் போனார்: ஐயருக்கு அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டார். நிலைமையைச் சொன்னார். மறுமுனையில் ஐயர் ஒரே கேள்வி கேட்டார்.

"என்ன நிறம்?"

"கறுப்பு, ஐயா."

"கறுப்போ? சாமிக்குக் கிட்ட கறுப்பு வேண்டாம்."

"மற்றது பாத்தீங்களெண்டால் ஐயா, நீச்சல் உடுப்பு..."

"அதைப்பற்றி ஆகமத்திலை ஒண்டும் இல்லை."

"ஒண்டும் இல்லையெண்டால்... கூடாதெண்டோ?"

"ஒண்டும் இல்லையெண்டால் ஒண்டும் இல்லை," என்றார் ஐயர்.

புஸ்பவதி தொலைபேசிக்கு அருகே குனிந்தார். "ஐயா, அதுக்கு முதல் ஒரு ஞாயிறு வந்து தண்ணியைப் பழகிப் பாருங்கோ. இஞ்சத்தைத் தண்ணியிலை முதல் கைதான் போகும். விரல் இருக்கோ இல்லையோ எண்டு தெரியாது."

"பிள்ளை, நான் கீரிமலையிலை தீர்த்தம் ஆடினவன்," என்று சொல்லி ஐயர் தொலைபேசியை வைத்தார். ஊரிலுள்ள கீரிமலைக் கேணியின் நீர் எந்த மாதத்திலும் குளிக்கத் தோதானது என்பதை அந்த நேரத்தில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

நவரத்தினத்திடம் இன்னொரு வழி இருந்தது. "ஒரு பக்கத்திலை நாணல் இருக்குதெல்லே. அதுக்குப் பின்னாலை நில்லும். தேவையெண்டால் வாரும். தேவையில்லையெண்டால் ஆருக்கும் தெரியாது."

"நான் என்ன வாத்தே?"

சுலோஜனா சிரித்துவிட்டார். கணவர் திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றினார்.

"நான் ஞாயிறு எப்பிடிப் போறனோ அப்பிடித்தான் போவன்," என்றார் புஸ்பவதி. "சாமிக்குத் துணையாய் நிக்கிறதெண்டால் ஒளிஞ்சு நிக்கமாட்டன். விருப்பமில்லையெண்டால் டொல்பின் தொட்டி இருக்கு. அதுக்குப் பட்டம் எடுத்த ஆள் தேவையில்லை."

நவரத்தினம் எழுந்தார். வாசலில் சப்பாத்தை மாட்டியபடி, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அப்பிடிச் சனத்துக்கு முன்னாலை நிண்டுபோட்டு, வெள்ளிக்கிழமை வந்து சாமிக்கு மாலை கட்டுறதைப் பற்றிக் கமிட்டி யோசிக்கவேண்டி வரும்."

அவர்கள் போனபின் புஸ்பவதி தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவினார். கழுவிய கோப்பைகளைத் திரும்பவும் கழுவினார். சோதிலிங்கம் கோயிலில் கார் நிறுத்தும் இடத்துக்குப் பொறுப்பானவர். அங்கே சாமிக்கு அடுத்த அதிகாரம் அவருடையது. ஆனால் அதைப் பயன்படுத்தி மாலையைக் காப்பாற்ற முடியாது என்று அவருக்கும் தெரியும்.

"ஏலுமோ?" என்று கேட்டார். அந்தச் சொல்லை அவர் கேள்வியாகக் கேட்டது அதுவே முதல் தடவை.

"தண்ணிக்குள்ளை போறது ஏலும்," என்றார் புஸ்பவதி, குழாயை மூடாமல். "அங்கை றெனாட்டவும் அவையளும் நிண்டால் எனக்கு ஒண்டுமில்லை. இது எங்கடை ஆக்கள். அவையளுக்கு முன்னாலை சீலையைக் களைஞ்சுபோட்டு நிக்கிறது... கவிசாவை அண்டைக்கு மேலை திருப்பி அனுப்பினது நான்தானே. அதே கண்ணாலை என்னைப் பாப்பினம்."

சோதிலிங்கம் குழாயைத் தானே மூடினார்.

"அப்ப இது உம்மாலை ஏலாது," என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

தீர்த்தத்தன்று குளக்கரைப் புல் முழுவதும் உறைபனி. நூறு பேராவது வந்திருந்தார்கள். பட்டுச் சீலைகளுக்கு மேல் முழங்கால்வரை தடித்த ஜக்கெற், வேட்டிகளுக்குக் கீழே பனிச் சப்பாத்து. நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் வந்தது. குளிரில் அதன் பற்றரி, மல்லாரி இசையின் பாதியிலேயே படுத்துவிட்டது. கரையோரத்துப் பனிக்கட்டியை இரண்டு பேர் மண்வெட்டியால் உடைத்து வழி செய்திருந்தார்கள். ஐயருக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை. சாமிக்குப் பட்டுக்குடை.

சீலை உடுத்து, தலைக்குக் கம்பளித் தொப்பியோடு வந்த புஸ்பவதியை நவரத்தினம் வழியிலேயே பிடித்தார். கையில் ஒரு கடைப் பை.

"கறுப்பில்லை," என்றார். "நீலம். ஐயாட்டை கேட்டாச்சு. நீலத்துக்குப் பிரச்சினையில்லை."

உள்ளே புத்தம்புது றப்பர் உடுப்பு. புஸ்பவதி அதை விரித்துத் தோளில் வைத்துப் பார்த்தார். அவர் மெலிந்த, உயரமான பெண். உடுப்பு குட்டையாகவும் அகலமாகவும் இருந்தது.

"இது எனக்கு அளவில்லை அண்ணை. ஆரின்ரை அளவுக்கு எடுத்தனீங்கள்?"

"பொம்பிளையள் அளவெண்டு கேட்டன்," என்றார் நவரத்தினம். சற்றுத் தள்ளி நின்ற சுலோஜனா குளத்தைப் பார்த்தார். அந்த மனிதர் வாழ்க்கையில் அறிந்த ஒரே அளவு எதுவென்று அவருக்குத் தெரியும்.

புஸ்பவதி உடுப்பை எடுத்துக்கொண்டு நீரோரம் போனார். போட்டுக்கொள்ளப் போகிறார் என்று எண்ணி நவரத்தினம் நிம்மதியாக மூச்சுவிட்டது குளிரில் வெண்புகையாகத் தெரிந்தது. புஸ்பவதி அதை உறைபனிப் புல்லில் பாய்போல விரித்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அதன்மேல் ஏறி நின்றார். அந்தக் குளத்தில் நீந்துகிற எல்லோரும் நிலத்துக் குளிர் காலில் ஏறாமலிருக்க எதையாவது விரிப்பதுண்டு; றப்பர் அதற்கு மிக நல்லது. ஜக்கெற்றைக் கழற்றினார். சீலையைக் களைந்து, அவசரமில்லாமல் நாலாக மடித்துக் கணவரிடம் கொடுத்தார். பொட்டு, தாலி, மஞ்சள் தொப்பி, கடும்பச்சை நீச்சல் உடுப்பு.

கரையில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மரங்களில் அக்கறை கொண்டார்கள். மரங்களில் பார்க்க ஓர் இலைகூட இல்லை. பெண்கள் பார்த்தார்கள். யாரோ "சிவ சிவா" என்றார். அது சாமிக்கா புஸ்பவதிக்கா என்று தெரியவில்லை. புஸ்பவதியின் கழுத்து சிவந்திருந்தது, குளிரால் அல்ல, இன்னும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. ஒரு கணம் அவர் மடித்த சீலையைத் திரும்பிப் பார்த்தார். சோதிலிங்கம் அதை ஜக்கெற்றுக்குள் செருகிப் பொத்தானைப் பூட்டினார். புஸ்பவதி நீருக்குள் இறங்கினார்.

அவர் இறங்கும் விதம் ஆரவாரமில்லாதது. நிற்காமல் நடப்பார், மூச்சை நீளமாக வெளியே விடுவார், இடுப்பளவு வந்ததும் கைகளையும் உள்ளே கொடுப்பார். சரிவின் விளிம்பில் போய்க் கரையை நோக்கித் திரும்பி நின்றார். "வாங்கோ ஐயா," என்றார்.

ஐயர் வேட்டியை இறுக்கிக் கட்டி, அஸ்திரதேவரை இரு கையாலும் ஏந்தி, மந்திரத்தோடு இறங்கினார். முழங்காலில் மந்திரம் வேகமெடுத்தது. இடுப்பில் நின்றுபோனது. முதல் முழுக்கு; "அரோகரா" என்று கரை முழங்கியது. மேலே வந்த ஐயரின் வாய் திறந்திருந்தது, மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. இரண்டாம் முழுக்கு, அரோகரா. காலை எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் ஓரடி பின்னால் வைத்தார், சரிவின் பக்கம். மூன்றாவதாக மூழ்கினார். அரோகரா. எழுந்தார். இரண்டு கைகளும் ஏந்தியபடியே இருந்தன. அவற்றுக்குள் ஒன்றும் இல்லை.

தன் கை வெறுமையாக இருப்பது ஐயருக்கே தெரியவில்லை. விரல்கள் எப்போதோ போய்விட்டிருந்தன. கரைதான் முதலில் பார்த்தது. நூறு பேரின் அரோகரா பாதியில் நின்றது.

"சாமி!" என்று நவரத்தினம் கத்தினார். "சாமி விழுந்துபோச்சுது! புஸ்பவதி! சாமி!"

புஸ்பவதி சாமியின் பக்கம் திரும்பவேயில்லை. ஐயரின் கால் சரிவில் வழுக்கிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து கக்கத்துக்குள் கைகொடுத்து, தலை நீருக்கு மேலே நிற்க, அவரைக் கரைக்கு இழுத்தார்.

"முதல் சாமியை எடும்! சாமியை!"

"சாமிக்கு மூச்சு வேண்டாம் அண்ணை," என்றார் புஸ்பவதி, இழுத்தபடியே. "இவருக்கு வேணும்."

ஐயரைக் கதிரையில் இருத்தினார்கள். சோதிலிங்கம் யோசிக்காமல் கையிலிருந்த குளியல் அங்கியால் அவரைச் சுற்றினார். தடித்த, மஞ்சள் நிற, பூப்போட்ட பெண்கள் அங்கி. ஆகமத்தில் அதைப்பற்றியும் ஒன்றும் இல்லை.

புஸ்பவதி தொப்பியைக் கழற்றிக் கரைக்கு எறிந்துவிட்டுச் சரிவுக்குத் திரும்பினார்.

"தொடாதையும்!" நவரத்தினம் நீரின் விளிம்புவரை ஓடிவந்துவிட்டார். "எங்கை கிடக்கெண்டு மட்டும் பார்த்துச் சொல்லும். ஐயா வந்து எடுப்பார்."

எல்லோரும் ஐயரைப் பார்த்தார்கள். பூப்போட்ட அங்கிக்குள் அவருடைய பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருந்தன. ஒரு சொல்லை உருவாக்க அவர் பல தடவை முயன்றார்.

"எ... எடுக்கட்டும்."

புஸ்பவதி மூழ்கினார். குளிர்காலத்து நீர் தெளிவானது, ஆனால் ஐயரின் கால் கிளப்பிய சேறு அடியெல்லாம் படர்ந்திருந்தது. வெறுங்கையோடு மேலே வந்தார். கரையில் யாரும் மரங்களைப் பார்க்கவில்லை இப்போது. மூச்சை விட்டு, எடுத்து, இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னொரு முறை போனார். அவர் தலை போன இடத்தில் நீர் வட்டமிட்டு அடங்கியது. சோதிலிங்கம், வாழ்நாளில் முதல்முறையாக, கணுக்கால்வரை குளத்துக்குள் நின்றுகொண்டிருந்தார், சப்பாத்தோடு.

முதலில் சூலத்தின் முனைகள் வந்தன. பிறகு நரைத்த தலை.

புஸ்பவதியின் விரல்களும் அதற்குள் மடங்க மறுத்திருந்தன. ஆகவே அவர் அஸ்திரதேவரைக் கையால் பிடிக்கவில்லை; இரண்டு கைகளையும் சுற்றிப்போட்டு நெஞ்சோடு அணைத்திருந்தார். ஐயர் தவிர எவரும் விரலாலும் தொடாத தேவரை, சிறுபிள்ளையைத் தூக்கி வருவதுபோல.

"அப்பிடியே நில்லும்," என்றார் நவரத்தினம். "துணி ஒண்டு கொண்டு வாறம். தண்ணிக்குள்ளையே நிண்டு தாரும்."

"உங்கடை கையிலை தரமாட்டன். இறங்காத கையிலை என்னெண்டு தாறது?" என்று சொல்லி, புஸ்பவதி நடந்து வந்தார். போர்த்த அங்கி இல்லை. அது ஐயரின் மேல். நீர் சொட்டச் சொட்ட, பச்சை உடுப்போடு, உடம்பெல்லாம் செம்பருத்தி நிறமாகி, நூறு பேருக்கு நடுவே நேராக வந்தார். இந்த இடத்தில் நவரத்தினம் பெரும் இக்கட்டில் மாட்டினார். சாமி வருகிறார், கும்பிடாமல் இருக்கமுடியாது. புஸ்பவதி வருகிறார்; பார்க்கக்கூடாது. இருவரும் ஒரே ஆளாக வருகிறார்கள். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இரு கையையும் தலைக்குமேல் கூப்பினார். பக்தியில் அதைவிடச் சிறந்த கோலம் கிடையாது. கூட்டம் முழுவதும் அவரைப் பார்த்துக் கைகூப்பியது, ஆனால் கண்ணை மூடாமல்.

புஸ்பவதி தேவரை ஐயரின் மடியில் வைத்தார்.

கூட்டத்தில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. எங்களில் எப்போதும் ஒருவருக்கு வரும். "ஐயா, மூண்டாம் முழுக்கிலை சாமி தனியத் தானே நிண்டவர். அப்ப தீர்த்தம் முடிஞ்சதோ, முடியேல்லையோ?"

ஐயர் தேத்தண்ணி ஒரு மிடறு குடித்தார். "தனிய எங்கை நிண்டவர்? மூண்டாம் முழுக்கிலை ஆரோடை எழும்பினாரோ, அவவோடை. தீர்த்தம் முடிஞ்சுது." பிறகு நடுக்கத்தினூடே சுற்றுமுற்றும் பார்த்தார். "சாமியோடை முழுக வேறை ஆரும் இறங்கினதோ?"

ஒருவரும் இறங்கவில்லை. நூறு ஜக்கெற்றுகளும் நன்றாகக் காய்ந்திருந்தன.

புஸ்பவதிக்கு அப்போதுதான் நடுக்கம் தொடங்கியது. கரையேறிய பிறகுதான் அது முழுதாக வரும். விரல்களால் சீலையை மடிக்க முடியவில்லை, கொசுவம் கையிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. பெண்கள் தள்ளியே நின்றார்கள். சுலோஜனா வந்து, கொசுவம் எடுத்து, செருகி, முந்தானையைச் சுற்றிவிட்டார். சுற்றும்போது அவர் கை புஸ்பவதியின் தோளில் பட்டது.

"ஐஸ் மாதிரி இருக்கிறியள் அக்கா. நோகேல்லையோ?"

"நோகும்," என்றார் புஸ்பவதி. பல் அடித்தது. "இறங்கேக்கை நோகும். பிறகு... சொன்னால் விளங்காது சுலோ."

அடுத்த வெள்ளிக்கிழமை புஸ்பவதி வழக்கமான நேரத்துக்குக் கோயிலுக்குப் போய், வழக்கமான இடத்தில் இருந்து, பூக்கூடையை இழுத்து மடியருகே வைத்தார். கமிட்டி யோசித்ததா என்று யாரும் சொல்லவில்லை. நவரத்தினம் ஒருமுறை அந்தப் பக்கம் வந்தார், மாலையைப் பார்த்தார், விளக்குக்கு எண்ணெய் போதுமா என்று பார்ப்பதுபோலப் போய்விட்டார். தேவரை நெஞ்சோடு அணைத்த கையை மாலைக்கு ஆகாது என்று சொல்ல அவருக்கும் வழி தெரியவில்லை. கவிசா மட்டும் லைப்சிக்கிலிருந்து தொலைபேசியில், "அப்ப என்ரை பிளவுஸ்?" என்று கேட்டாள். "அது வேறை கதை," என்றார் தாய். சொன்னதும் நவரத்தினத்தின் குரல் போலிருக்கிறதே என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். சற்றுப் பொறுத்து, "வரேக்கை போட்டுக்கொண்டு வா, பாப்பம்," என்றார்.

இனிமேல் தீர்த்தம் பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டுக் கோயில் வளவிலேயே நடைபெறும் என்று கமிட்டி அறிவித்தது. டொல்பின்கள் காற்றிறக்கி மடிக்கப்பட்டுக் களஞ்சிய அறையில் காத்திருக்கின்றன. நீல றப்பர் உடுப்பைக் கடைக்காரன் திருப்பி எடுக்கவில்லை. நெஞ்சுப் பக்கத்தில் இரண்டு பாதங்கள் பதிந்திருந்தன.

தை பிறந்தபின் ஒரு ஞாயிறு. குளத்தில் மெல்லிய மூடுபனி. றெனாட்ட கேக் பெட்டியோடு நின்றார், சோதிலிங்கம் புது அங்கியோடு. கார் நிறுத்துமிடத்திலிருந்து நடந்து வந்த உருவம் யாரென்று முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. நீல றப்பர், கழுத்திலிருந்து கணுக்கால்வரை. குட்டையான, அகலமான உடம்பில் தைத்ததுபோல் பொருந்தியிருந்தது. தலையில் ஒரு தொப்பி, நெற்றியில் பொட்டு.

"அவருக்குச் சந்தைக்குப் போறனெண்டு சொல்லிப்போட்டு வந்தனான்," என்றார் சுலோஜனா.

"நீந்தத் தெரியுமோ?"

"தெரியாது. இடுப்பு மட்டும் நிக்கலாமெண்டு நினைச்சன். அதுவும் ஏலாதெண்டுதான் நினைக்கிறன்."

ஏலாது என்ற சொல் காதில் விழுந்ததும் சோதிலிங்கம் மெல்லச் சிரித்து, தேத்தண்ணிப் போத்தலின் மூடியைத் திறந்தார்.

புஸ்பவதி சுலோஜனாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "உந்த உடுப்பைக் கழட்டும்."

"ஐயோ அக்கா! உள்ளுக்கை பழைய பஞ்சாபிச் சட்டைதான். முதல் நாளே கழட்டச் சொல்லுறியளே?"

"சரி. இண்டைக்கு அதோடை வாரும். என்ரை கையைப் பிடியும்." இருவரும் நீர்விளிம்புக்கு நடந்தார்கள். பாதி வழியில் புஸ்பவதி திரும்பி, கேக் பெட்டியைக் காட்டினார். "ஆனால் ஒண்டு சொல்லிப்போட்டன் சுலோ. உதோடை நிண்டால் உமக்குக் கேக் இல்லை."

சுலோஜனா நின்றார். பெட்டியைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார். பிறகு ஒரு கையால் கழுத்துக்குப் பின்னால் உடுப்பின் சிப்பைத் தேடத் தொடங்கினார்.